பேச்சு வரும் வரிசை: பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாலர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஒரு படத்தைக் கையில் எடுத்து, இரண்டு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்பார்கள். குழந்தை முழிக்கும். "சொல்லு கண்ணா, பந்து. எங்கே சொல்லு, பந்து." குழந்தை சன்னல் பக்கம் பார்க்கும். பத்து நிமிடத்தில் ஆசிரியருக்கு வியர்த்துவிடும், குழந்தை அடுத்த நாள் அந்த மூலைக்கே வராது.

நானும் அப்படித் தொடங்கியவள்தான். பிறகு பல வருடம் சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தும், புதிதாக வந்தவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தும் புரிந்துகொண்டது இதுதான்: எல்லாரும் எல்லாமே செய்கிறார்கள், ஆனால் வரிசை மாற்றிச் செய்கிறார்கள். கவனித்துக் கேட்க வேண்டிய நேரத்தில் பேசுகிறார்கள், சொல்லிக் காட்ட வேண்டிய நேரத்தில் கேள்வி கேட்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளோடு இருப்பவர்களுக்காக அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் செய்தாலும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் அமைதி. பின்னணியில் பாட்டோ டிவியோ ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்க நமக்குத் தெரியும், விட்டுப்போன ஒலியை நம் மூளையே நிரப்பிக்கொள்ளும். அந்தச் சொல்லையே இன்னும் அறியாத குழந்தை எதை வைத்து நிரப்பும்?

அடுத்து, காது. சளி பிடிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கினால், சில வாரங்களுக்குக் கேட்கும் திறன் குறையலாம், பிறகு சரியாகிவிடலாம். அந்தக் குழந்தை "சொன்ன பேச்சு கேட்க மாட்டான்" என்ற பெயரை வாங்கிவிடும். பிறந்தபோது செவிப் பரிசோதனை செய்தார்களா, அடிக்கடி காது வலி வருமா என்று பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, வீட்டுச் சொற்கள் பத்து. தண்ணீர், தூக்கம், கழிவறை, வலி, "தூக்கிக்கோ", "வேண்டாம்" இவற்றுக்கெல்லாம் குழந்தை வீட்டில் என்ன சொல்கிறது என்று எழுதி வாங்குங்கள். "ந்நி" என்றால் தண்ணீர் என்று தெரியாத ஆசிரியரிடம் ஒரு குழந்தை மூன்று தடவை கேட்கும், நாலாவது தடவை அழும், அப்புறம் கேட்பதையே விட்டுவிடும்.

இவற்றோடு ஒரு குறிப்பேடு, தரையில் உட்காரப் பாய், குழந்தையால் தானே திறக்க முடியாத மூடியுள்ள கண்ணாடி போன்ற டப்பா இரண்டு. உள்ளே இருப்பது தெரிய வேண்டும், ஆனால் கைக்கு எட்டக் கூடாது. அப்போதுதான் உங்களிடம் எதையாவது சொல்ல அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். பொம்மைகளைக் குவித்து வைத்தால் குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், பேச்சுக்கு இடமே இருக்காது.

2. எது முதலில் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரியாமல் இறங்குவதால்தான் ஒன்றரை வயதுக் குழந்தையிடம் வாக்கியம் எதிர்பார்க்கிறோம், எட்டு மாதக் குழந்தையிடம் பேசாமலே இருந்துவிடுகிறோம்.

கேட்பது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து குழந்தை பிரித்து அறிகிறது. 2, 3 மாதத்தில் "ஊ", "ஆ" என்று உயிரொலிகளில் கூவும். 6 முதல் 10 மாதத்துக்குள் "பபபா", "ததத்தா" என்று அசைகளை அடுக்கும். 9 முதல் 12 மாதத்துக்குள் விரல் நீட்டிக் காட்டும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல். ஒன்றரை வயதில் சுமார் 50 சொற்கள் என்பார்கள், ஆனால் இந்த எண்ணில் குழந்தைக்குக் குழந்தை மிகப் பெரிய வேறுபாடு உண்டு. 2 வயதுக்குள் இரண்டு சொல் சேரும்: "அம்மா வா", "பந்து இல்ல". 3 வயதில் சின்ன வாக்கியங்கள், 4 வயதில் நேற்று நடந்ததை முன்பின்னாகவாவது சொல்லும்.

இந்தப் பட்டியலில் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போவது விரல் நீட்டுவதை. என்னைக் கேட்டால் அதுதான் குழந்தையின் முதல் வாக்கியம். "அதைப் பார், நானும் பார்க்கிறேன், நீயும் பார்" என்பது முழுதும் அந்த ஒரு விரலில் இருக்கிறது. அதற்கு நாம் பதில் சொல்லாவிட்டால் பேச்சின் முதல் சுற்றிலேயே கதவைச் சாத்திவிடுகிறோம்.

இன்னொன்று, புரிவது எப்போதும் பேசுவதற்கு முன்னால் ஓடும். பத்துச் சொல் பேசுகிற குழந்தைக்குப் பல மடங்கு சொற்கள் புரியும். சோதிக்க வேண்டுமானால், கையைக் காட்டாமல், கண்ணாலும் சாடை காட்டாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். நாம் கை காட்டிக்கொண்டே சொல்லிவிட்டு, குழந்தைக்குச் சொல் புரிந்தது என்று நினைத்துக்கொள்வது சகஜம்.

முதல் வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பட்டு", "பத்து" இரண்டையும் நம் காது சிரமமில்லாமல் பிரிக்கிறது. இதே ட, த வேறுபாட்டை இந்தி ஒலிகளை வைத்து, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு ஒன்று 1984-இல் வெளிவந்தது. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெருமளவு போய்விட்டது. சுற்றிக் கேட்கிற மொழிக்கு ஏற்றபடி காது தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. ஆகவே கைக்குழந்தைகள் அறையில் இருப்பவர்களே, உங்கள் வேலை துணி மாற்றுவதோடு முடிவதில்லை. துணி மாற்றும்போது பேசுகிறீர்களே, அதுதான் பாடம்.

3. முதல் வாரம் கற்பிக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்

இதைச் சொன்னால் புதியவர்களுக்குப் பொறுக்காது. சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த படி எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் போதும். விளையாட்டு நேரம், கை கழுவும் இடம், வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று மூன்று வெவ்வேறு இடங்களில் பாருங்கள். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். "நன்றாகப் பேசுகிறான்" என்பது குறிப்பு ஆகாது. "தண்ணி… அங்க… கொட்டி" என்பது குறிப்பு. அதிலிருந்து மூன்று சொல் சேர்க்கிறான், இடம் சொல்கிறான், வினைச்சொல் வந்துவிட்டது, ஆனால் அதன் முடிவு இன்னும் சரியாகவில்லை என்று நான்கு செய்தி கிடைக்கிறது.

பக்கத்திலேயே எதற்காகச் சொன்னது என்றும் எழுதுங்கள்: கேட்கவா, மறுக்கவா, காட்டவா, கூப்பிடவா, கேள்வியா, நடந்ததைச் சொல்லவா. சில குழந்தைகளுக்குச் சொற்கள் நிறைய இருக்கும், ஆனால் அத்தனையும் "குடு", "வேணும்" வகையாகவே இருக்கும். அவர்களுக்குப் புதுச் சொல்லை விட, சொல்லைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தும் சந்தர்ப்பம்தான் தேவை.

ஒரு மூன்று வயதுப் பையனைப் பற்றி "வகுப்பில் பேசுவதே இல்லை" என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்திருந்தார். நான்காம் நாள் குழாயடியில் அவன் வாளியைப் பார்த்து, "நீ நிறைஞ்சிட்டா நான் மூடிடுவேன்" என்றான். முழு நிபந்தனை வாக்கியம், அதுவும் வாளியிடம்! வட்டமாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். அவ்வளவுதான் விஷயம்.

4. குழந்தை பார்க்கும் இடத்தைப் பார்த்துப் பேசுங்கள்

நீங்கள் பந்தைப் பற்றிப் பேசத் திட்டமிட்டிருக்கிறீர்கள், குழந்தை தரையில் போகிற எறும்பைப் பார்க்கிறது. எறும்பைப் பற்றிப் பேசுங்கள். சொல்லும் பொருளும் ஒட்டிக்கொள்வது குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். முகத்தைத் திருப்பி "இங்கே பார், பந்து" என்றால், கவனத்தை மாற்றுவதற்கே அதன் சக்தி எல்லாம் போய்விடும், சொல்லுக்கு மிச்சம் இருக்காது.

செய்யும் முறை: தரையில் உட்காருங்கள், உங்கள் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக, முடிந்தால் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். அது எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். நீங்களும் அதைப் பாருங்கள். குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் சொல்லுங்கள்: "எறும்பு. ஏறுது பார்."

இந்த வேலையைத் திரையால் செய்ய முடியாது. 2003-இல் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டு பேசிய குழுவினர் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் ஒளிப்பதிவில் பார்த்தவர்களும் ஒலியை மட்டும் கேட்டவர்களும் கற்கவில்லை. திரையில் இருப்பவருக்குக் குழந்தை எங்கே பார்க்கிறது என்று தெரியாது, அதற்குத் தக்கபடி பேச்சை நிறுத்தவும் தெரியாது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைப் பெற்றோர் கேட்டால் சொல்லுங்கள். சொல்லும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம்.

5. பேசிவிட்டு வாயை மூடிக் காத்திருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி இதுதான், மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து காட்டினார். அதை 3 விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கு. இரண்டு வயதுக் குழந்தை கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கையும் உதட்டையும் தயார்ப்படுத்த இன்னும் நேரம் வேண்டும். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன், மெதுவாகப் பேசும் குழந்தை என்றால் பத்து வரை.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, காத்திருக்கும்போதே கேள்வியை மாற்றிக் கேட்பது. "எங்கே போச்சு? … கார் எங்கே? … கீழே விழுந்துச்சா?" ஒவ்வொரு புதுக் கேள்வியும் குழந்தையை மறுபடி தொடக்கத்துக்கே இழுத்துவிடும். ஒரு முறை சொன்னால் போதும். புருவத்தை உயர்த்தி, முகத்தில் எதிர்பார்ப்போடு இருங்கள்.

பதிலாகச் சொல் வர வேண்டும் என்று இல்லை. பார்வை, கை, ஒரு ஒலி, எது வந்தாலும் அது ஒரு முறை. அடுத்த முறை உங்களுடையது. ஒரு நாளில் எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதை விட, இப்படி எத்தனை முறை பேச்சு கை மாறியது என்பது முக்கியம். நிறுத்தாமல் பேசும் ஆசிரியரின் வகுப்பில் சொற்கள் ஏராளமாகக் கொட்டும், கை மாறுவது குறைவாக இருக்கும்.

6. கேள்வியைக் குறையுங்கள், சொல்லுங்கள்

"இது என்ன? இது என்ன நிறம்? எத்தனை இருக்கு?" விடை நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். அது தேர்வுதான், பேச்சு கிடையாது. பேச்சு வரத் தாமதமாகும் குழந்தை முதலில் விலகுவது தேர்விலிருந்துதான்.

ஒரு கேள்விக்கு மூன்று நான்கு கூற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவக் கணக்குதான் இது, ஆனால் எண்ணிப் பார்த்தால் நாம் இதற்கு நேர்மாறாகப் பேசுவது தெரியும். "கட்டையை மேலே வைக்கிறே. இன்னொண்ணு. ஆடுது ஆடுது… விழுந்துடுச்சு!" அப்புறம் காத்திருங்கள். குழந்தை "விந்துச்சு" என்றால் போதும்.

கேட்டே ஆக வேண்டும் என்றால் விடை உங்களுக்கே தெரியாததைக் கேளுங்கள்: "இதை எங்கே வைக்கலாம்?", "பொம்மைக்கு ஏன் கோபம்?" பேசவே தயங்கும் குழந்தைக்கு இரண்டு விடையையும் கையில் கொடுத்துக் கேளுங்கள்: "சிவப்பு காரா, பெரிய காரா?"

இன்னொரு லாபமும் உண்டு. "இது என்ன?" என்று கேட்டால் பெயர்ச்சொல் மட்டும்தான் வரும். நாமே சொல்லிக்கொண்டு போனால் வினைச்சொற்கள் தாமாக வரும், வாக்கியம் பிறப்பது அங்கேதான். தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், காதில் பளிச்சென்று விழும் இடத்தில் நிற்கிறது. காலம், யார் என்பதெல்லாம் அதன் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால் தமிழ்க் குழந்தைகள் இந்த விகுதிகளைச் சின்ன வயதிலேயே பிடித்துவிடுகிறார்கள். "கார் போ" என்று சுருக்கிப் பேசிக் கெடுக்காதீர்கள். "கார் போகுது" என்று முழுசாகவே சொல்லுங்கள். வாக்கியம் சின்னதாக இருக்கலாம், ஆனால் உடைந்ததாக இருக்கக் கூடாது.

7. குழந்தை சொன்னதையே எடுத்து ஒரு படி கூட்டுங்கள்

குழந்தை "நாய்" என்றால் நீங்கள் "நாய் ஓடுது". "நாய் ஓடுது" என்றால் நீங்கள் "ஆமாம், நாய் வேகமா ஓடுது, பூனையைத் துரத்துது." ஒரு படிதான், ஐந்து படி கூட்டினால் குழந்தைக்கு அது தன் பேச்சு என்றே தெரியாது. தான் சொன்னது இன்னும் மனதில் ஈரமாக இருக்கும்போதே அடுத்த வடிவம் காதில் விழுவதால்தான் இது வேலை செய்கிறது.

பிழைகளுக்கும் இதே மருந்துதான். "நான் கப்பை உடைஞ்சேன்" என்கிறது குழந்தை. "அடடா, நீ கப்பை உடைச்சிட்டியா, கப் உடைஞ்சு போச்சா!" என்று சரியான வடிவம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். "உடைஞ்சேன் இல்லை, உடைச்சேன், எங்கே சொல்லு" என்றால் கப் உடைந்த கதை அங்கேயே நின்றுவிடும். குழந்தை உங்களிடம் சொல்ல வந்தது கதையைத்தான்.

தமிழில் அடிக்கடி கேட்கும் பிழைகள் இன்னும் சில. "அப்பா வந்தான்" என்று சொல்லும் குழந்தைக்கு மரியாதை தெரியாமல் இல்லை, "-ஆன்" என்பது ஆண் ஒருவருக்கு வரும் முடிவு என்று விதியைக் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். திருத்தித் திருத்திக் கேட்டதும் சில நாள் "பூனை வந்தாங்க" என்று போகும். அது இன்னும் அழகு: இப்போது மரியாதை விகுதியும் கிடைத்துவிட்டது, யாருக்கு எது என்பதுதான் மிச்சம். தன்னைப் பெயர் சொல்லியும் "நீ" என்றும் குறிப்பிடுவதும் இப்படித்தான், எல்லாரும் அதை "நீ" என்றுதானே அழைக்கிறார்கள்?

இவை நல்ல அறிகுறிகள். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், இல்லாத ஒரு பறவையை வரைந்து அதற்கு "வக்" என்று பெயர் வைத்து, பிறகு இரண்டு பறவைகளைக் காட்டினார். அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாத குழந்தைகள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து "வக்ஸ்" என்றார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியால் இது முடியாது. பிழை என்பது விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

8. புதுச் சொல்லை ஒரு நாளில் ஏற்றப் பார்க்காதீர்கள்

ஒரு சொல்லை ஒரே ஒரு முறை கேட்டே குழந்தையால் ஓரளவு ஊகித்துக்கொள்ள முடியும். 1978-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு நிறத்துக்குக் குழந்தைகள் கேட்டிராத "குரோமியம்" என்ற பெயரை வைத்து, "நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா" என்று பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்தே அது ஏதோ நிறத்தின் பெயர் என்று மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பலர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது அரைகுறைப் பிடிப்பு. உறுதியாக வேண்டுமானால் அதே சொல் வெவ்வேறு இடத்தில் பல நாள் வர வேண்டும்.

அதனால் வாரத்துக்கு ஐந்தாறு சொல் போதும், அதில் பாதி வினையாக இருக்கட்டும். "வழுக்கு" என்ற சொல்லை எடுத்தால், ஈரத் தரையில், சோப்புக் கட்டியில், சறுக்குமரத்தில், பொம்மை மாடியிலிருந்து இறங்கும்போது என்று நாலு இடத்தில் அது காதில் விழட்டும். அட்டையில் ஒட்டி வைத்து ஒப்பிக்க வைத்தால் சொல் அட்டையோடு நின்றுவிடும்.

9. புத்தகம்: அதே புத்தகம், மறுபடி மறுபடி

புதியவர்கள் தினம் ஒரு புத்தகம் எடுக்கிறார்கள், அவர்களுக்கே அலுத்துவிடுகிறது என்பதால். குழந்தைக்கு மூன்றாம் நாள்தான் கதை தெளியும், நான்காம் நாள்தான் வாய் திறக்கும். ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வையுங்கள்.

முதல் நாள் நீங்கள் வாசியுங்கள். இரண்டாம் நாள் படங்களைப் பற்றிப் பேசுங்கள். மூன்றாம் நாள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள், குழந்தைகள் நிரப்புவார்கள். பிறகு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு, வருவதை ஒரு படி கூட்டித் திருப்பிக் கொடுங்கள். வாரக் கடைசியில் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து நீங்கள் கேளுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் கூட்டம் வேண்டாம், இருபது பேருக்கு வாசித்தால் முன்வரிசை நான்கு பேர்தான் பேசுவார்கள்.

தமிழில் இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, இதை யாரும் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. குழந்தை "போனான்", "அழுதுச்சு", "வீட்டுக்குள்ளே" என்று பேசுகிறது. புத்தகம் "சென்றான்", "அழுதது", "இல்லத்தினுள்" என்கிறது. இது பாதி வேற்று மொழி. சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் பேச்சு வழக்கில் மாற்றியே வாசிக்கிறார்கள், சிலர் ஒரு சொல்லைக் கூட விளக்காமல் அப்படியே ஓதிவிட்டுப் போகிறார்கள். நான் செய்வது: முதலில் கதையைப் பேச்சு வழக்கில், புத்தகம் இல்லாமல், கை கால் ஆட்டிச் சொல்லிவிடுவேன். கதை தெரிந்த பிறகு புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பேன். பொருள் ஏற்கனவே மனதில் இருப்பதால் "சென்றான்" என்றால் "போனான்" என்று அவர்களே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். நாலு வயதில் இந்த முடிச்சு விழுந்த குழந்தைக்குப் பின்னால் வாசிக்கக் கற்பது பாதி சுலபம். ஆனால் பேசும்போது எழுத்து வழக்கில் பேசச் சொல்லாதீர்கள், யாரும் அப்படிப் பேசுவதில்லை.

10. ஒலிகளைத் திருத்தாதீர்கள், அவற்றோடு விளையாடுங்கள்

ப, ம, த, ந போன்றவை முதலில் வரும். ர, ற, ழ கடைசியில் வரும். மூன்று வயதில் "மரம்" "மலம்" என்று வந்து பெரியவர்களைத் தர்மசங்கடப்படுத்தும், சிரிக்காமல் "ஆமாம், பெரிய மரம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். மூன்று வயதில் வெளியாட்களுக்கு முக்கால்வாசியாவது புரிய வேண்டும், நான்கில் பெரும்பாலும் புரிய வேண்டும் என்பது ஒரு கைக்கணக்கு. அதற்குக் கீழே என்றால் 12-ஆம் பகுதியைப் பாருங்கள்.

ஒலி விளையாட்டில் அசையிலிருந்து தொடங்குங்கள். பெயரைக் கைதட்டிப் பிரிப்பது, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடுவது, எதுகைப் பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டுச் சிரிப்பது. தமிழ் எழுத்தில் "கா", "மி" என்று மெய்யும் உயிரும் சேர்ந்தே ஒரு வடிவம் என்பதால், அசையைப் பிரிக்கத் தெரிந்த காது பின்னால் எழுத்துக்கு நேராகப் போய்ச் சேரும். எழுதப் பழக்குவதை இதற்கு முன் வைப்பது தலைகீழ்.

11. வீட்டில் வேறு மொழி என்றால்

இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பாது, பேச்சுக் கோளாறும் வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது குழப்பம் என்று பெற்றோர் பயப்படுவார்கள். குழந்தை கையில் இருக்கும் சொல்லை வைத்து வேலையை முடிக்கிறது, நாமும் அதைத்தானே செய்கிறோம்?

சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் பாதிக் குழந்தையைத்தான் பார்க்கிறீர்கள். வகுப்பு மொழி புதிது என்றால் சில வாரம், சில சமயம் சில மாதம் கூடக் குழந்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். தொந்தரவு செய்யாதீர்கள், ஆனால் பேசுவதை நிறுத்தவும் வேண்டாம். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லிப் பெற்றோருக்கு ஒருபோதும் ஆலோசனை சொல்லாதீர்கள். தட்டுத்தடுமாறி வரும் மொழியில் பெற்றோர் பேசினால் பேச்சு குறையும், கதை குறையும், கொஞ்சல் கூடக் குறையும்.

12. எப்போது காத்திருக்கக் கூடாது

"பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஓடிவிடும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்புங்கள்:

12 மாதத்தில் அசைகளை அடுக்காமலோ, விரல் நீட்டுதல், கை அசைத்தல் போன்ற சாடைகள் இல்லாமலோ இருப்பது. 16 மாதத்தில் ஒரு சொல் கூட இல்லாதது. 24 மாதத்தில், கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் தானாக இரண்டு சொல் சேர்க்காதது. எந்த வயதிலும், வந்த பேச்சு நின்று போவது. கடைசியில் உள்ளதற்கு ஒரு வாரம் கூடப் பொறுக்காதீர்கள்.

பெற்றோரிடம் சொல்லும்போது நோயின் பெயர் எதையும் உச்சரிக்காதீர்கள், அது உங்கள் வேலை கிடையாது. குறிப்பேட்டைத் திறந்து, "இத்தனை நாளில் இவை வந்தன, இவை வரவில்லை, முதலில் காதைப் பார்த்துவிடலாம்" என்று சொல்லுங்கள். எழுதி வைத்ததைக் காட்டினால் சண்டை வராது. ஒரு முறை நான் குறிப்பில்லாமல் வாய்வார்த்தையாகச் சொல்லப் போய், அந்தத் தாய் அடுத்த வாரமே குழந்தையை நிறுத்திவிட்டார். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

13. ஆறு வாரம் கழித்து

மூன்றாம் பகுதியில் சொன்ன அதே மூன்று இடங்களில், அதே பத்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள். பழைய பக்கத்தையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். சொற்களின் எண்ணிக்கையை முதலில் பார்க்காதீர்கள். குழந்தை தானாகத் தொடங்கிய பேச்சு எத்தனை, ஒரே விஷயத்தில் பேச்சு எத்தனை முறை கை மாறியது, புதிதாக எந்த வேலைக்குச் சொல்லைப் பயன்படுத்துகிறது, இவற்றைப் பாருங்கள்.

எதுவும் நகரவில்லை என்றால் உங்களையே ஐந்து நிமிடம் போனில் பதிவுசெய்து, தனியாக உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளை எண்ணுங்கள், நடுவில் விட்ட இடைவெளியையும் எண்ணுங்கள். நான் முதல் தடவை கேட்டபோது ஐந்து நிமிடத்தில் முப்பத்தொரு கேள்வி இருந்தது, குழந்தையின் குரல் இரண்டே இடத்தில்தான் கேட்டது, அதில் ஒன்று தும்மல்.